கடைசி வரிசைச் செடிகள்

நாற்றுக்காரியைக் கேட்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் ஒரு மிளகாய் விதையைக்கூட மண்ணில் போட்டதில்லை. காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு வெளியே ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

"அக்கா, கத்தரி இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்குக்கா."

"இலையத் திருப்பிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னத்தப் பாத்தே? அடியில புழு உக்காந்து உன்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கும். கையால எடுத்துப் போடு. எடுத்த எடுப்புல மருந்துக் கடைக்கு ஓடாதே."

வாயில் நுரையோடேதான் இத்தனையும் சொல்லுவாள். திட்டு வாங்காமல் அவளிடம் யோசனை வாங்கிப் போனவர் கிடையாது. ஆனாலும் போவார்கள். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக்கு அடியில் தட்டுத் தட்டாக அவள் வளர்த்த நாற்றுதான் அக்கம்பக்கத்து வயல்களில் எல்லாம் நின்றது. அதற்கு அந்தாண்டை அவளுடைய சொந்த நிலம். பெரிய நிலம் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஓரத்தில் நின்று கூப்பிட்டால் அந்த ஓரத்தில் இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அவளுடைய புருஷனை ஊர் லாரிக்காரர் என்றுதான் சொல்லும். நெடுந்தூர வண்டி. வீட்டுக்கு வந்தால் வந்த களைப்புத் தீரத் தூங்குவார், எழுந்தால் கிளம்பிவிடுவார். குடும்பம் நடந்ததெல்லாம் போனில்தான். குழந்தை நடந்ததைப் போனில் கேட்டார், பல் விழுந்ததைப் போனில் கேட்டார். அந்தக் குழந்தைக்கு, குட்டிக்கு, அவர் 'லாரி அப்பா'. வேறு அப்பா ஒருவர் வீட்டில் இருக்கிற மாதிரி!

ஒரு தடவை வந்தவர், வண்டி பழுதாகிவிட்டதால் கூடக் கொஞ்சம் தங்கும்படி ஆயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குட்டி அம்மாவின் காதில், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, "இவரு எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள்.

லாரிக்காரருக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. நாற்றுக்காரி பிள்ளையை ஒரு அதட்டு அதட்டினாள். அவர், "விடு, அவ என்ன பண்ணுவா?" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார். அடுத்த தடவை வந்தபோது சட்டை துணிமணியெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நம்ம நிலத்துத் தக்காளி முடியற வரைக்கும் என் சீட்டை யாருக்கும் குடுக்கமாட்டாரு. செடி கை குடுத்துச்சுன்னா நான் இனிமே வண்டி ஏறமாட்டேன்."

"கை குடுக்கலைன்னா?"

"நீ வெயில்ல வேகறது, நான் நிழல்ல உக்காந்து திங்கறதுன்னு அந்தப் பொழப்பு எனக்கு ஆகாது. போயிடுவேன்."

"கை குடுக்கும். குடுக்காம எங்க போயிடும்? நான் இருக்கேன்ல?" என்றாள் நாற்றுக்காரி. அவள் அப்படி ஒன்றும் ஜம்பம் அடிக்கிறவள் இல்லை. தக்காளி விஷயத்தில் அவள் கை தப்பியதே இல்லை, அந்தத் தைரியம்தான்.

லாரிக்காரர் வயலில் இறங்கிய கூத்தை என்னவென்று சொல்வது! எதைச் சொன்னாலும் வண்டிப் பாஷையில்தான் அவருக்கு ஏறும். தண்ணீர் பாய்ச்சச் சொன்னால் செடியின் தலையில் ஊற்றினார், வண்டி கழுவிய பழக்கம்.

"இலையில ஊத்தாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? வேர்ல விடுங்க. இலை நனைஞ்சா பூஞ்சாணம் புடிக்கும்."

"சரி சரி. டேங்க்ல ஊத்தணும், கண்ணாடியில ஊத்தக்கூடாது."

"அப்படியே வச்சுக்குங்க. ஊத்தறதுக்கு முன்னாடி மண்ணைத் தோண்டி ஒரு பிடி எடுத்துப் பிடிங்க. உருண்டையா நின்னா தண்ணி வேணாம். உதிர்ந்துச்சுன்னா விடுங்க."

"டீசல் முள்ளு பாக்கற மாதிரி."

"ஐயோ சாமி, ஆமா."

குச்சி நட்டுச் செடியைக் கட்டச் சொன்னால், தார்ப்பாய் கட்டுகிற முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டார். செடி மூச்சுத் திணறி நின்றது. அவள் அவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். கயிறு செடியை ஒரு சுற்று, குச்சியை ஒரு சுற்று, நடுவில் குறுக்கே போகவேண்டும், எட்டு மாதிரி. தண்டு பருக்க இடம் வேண்டும். அவர் கட்டிய எட்டைப் பார்த்துக் குட்டி வந்தாள். தானும் கட்டுவேன் என்றாள். அப்பாவும் மகளுமாக ஒரு வரிசை முழுக்க எட்டுப் போட்டார்கள். கடைசி வரிசையின் கோடியில் நின்ற செடி தன்னுடையது என்று குட்டி அறிவித்து, சுற்றிக் கூழாங்கல் பதித்துவைத்தாள். எப்போது 'லாரி' உதிர்ந்து வெறும் 'அப்பா' ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. கூப்பிட்டதும் அவர் திரும்பின வேகத்தில் நாற்றுக்காரிக்குத்தான் உறைத்தது. அவள் குனிந்து களை பிடுங்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மக்கு மாணவர் இல்லை. கேட்டதை மறக்காத மனுஷன். போகிற வழியெல்லாம் மனதில் வைத்தே ஓட்டிப் பழகியவர் அல்லவா?

"மண்ணைத் தொடற இலையக் கிள்ளிடணும். சரியா?"

"சரி."

"இலை சுருண்டு மஞ்சளாச்சுன்னா சுருட்டை நோய். வெள்ளை ஈ கொண்டுட்டு வரும். வேரோட பிடுங்கி எரிச்சிடணும்."

"யோசிக்கவே கூடாது. நோய்ல சுருண்டது திரும்ப நேராகாது. பாவம் பாத்து ஒண்ணை விட்டா அது பக்கத்துச் செடியையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

"அந்தச் செடியில காய் இருந்தா?"

"காயைத் திங்கலாம். செடிக்கு வர்ற நோய் மனுசனுக்கு ஒட்டாது. மருந்து பட்ட காய்தான் ஆகாது."

இப்படி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றே ஒன்றைத் தவிர.

கொட்டகையில் முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற டேங்க் இரண்டு இருந்தன. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, இரண்டும் நீலம், அச்சு அசல் ஒன்று போல. ஒன்று பூச்சி மருந்துக்கு. இன்னொன்று வரப்பில் மண்டுகிற களையை ஒழிக்கக் களை மருந்துக்கு. அதன் கைப்பிடியில் பழைய சட்டையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தாள். சேறும் எண்ணெயும் படிந்து அது சிவப்பு என்பதே மறந்துபோயிருந்தது. "களை மருந்து அடிச்ச டேங்கை எத்தனை தரம் கழுவினாலும் நம்பாதீங்கடி. பிளாஸ்டிக்குல ஊறிப்போயிருக்கும். குழாய்ல நிக்கும். தக்காளிக்கு அது துளி பட்டாப் போதும், சுருண்டு படுத்துடும்" என்று அவள் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருடைய களை டேங்கிலும் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. சொந்தப் புருஷனுக்கு மட்டும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றா? அது சொல்லவேண்டிய ஒன்று என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மருந்து அடிப்பதை மட்டும் அவள் அவரிடம் விடுவதில்லை, டீசல் புகை குடித்த நெஞ்சு, இருமுவார். பின்னே டேங்கை அவர் எதற்குத் தொடப்போகிறார்?

தொட்டார். பக்கத்து வயல்காரியோடு நாற்றுத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு அவள் சந்தைக்குப் போன நாள் அது. அந்தப் பக்கத்து வயல்காரிக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று விளக்கவேண்டியதில்லை, போகும்போதும் பேசினாள், வரும்போதும் பேசினாள். வீடு வந்து இறங்கினால் லாரிக்காரர் கொட்டகை வாசலில், முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வந்து பாரேன்."

பார்த்தாள். கொட்டகை கொட்டகையாக இல்லை. தரை கழுவியிருந்தது. மண்வெட்டி, களைக்கொத்து, கத்தரிக்கோல் எல்லாம் துரு போக்கி எண்ணெய் தடவி ஆணியில் வரிசையாகத் தொங்கின. டேங்க் இரண்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. துணி துவைக்கிற சோப்பின் வாசனை கமகமத்தது. வண்டியைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்கிற மனுஷன், சும்மா இருக்கக் கை வருமா?

நாற்றுக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, நல்லா இல்லையா?"

"இத்தன வருசத்துல என் வேலைய எனக்கு முன்னாடி யாரும் செஞ்சு வச்சதில்லங்க."

"லூசு. இதுக்குப் போய் அழறே?"

அன்றைக்கு அவள் டேங்கைப் பார்த்திருக்கவேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

பூ விட்டுப் பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் வெள்ளை ஈ தலைகாட்டியது. காற்று அடங்கிய ஒரு சாயங்காலம் பூச்சி மருந்தைக் கலக்கினாள். கை தானாகப் போய்த் துணி இல்லாத டேங்கைத் தேடும், அது அவள் பழக்கம். முதலில் கைக்கு அகப்பட்டதில் துணி இல்லை. தூக்கினாள். வழக்கமாக மூக்கே சொல்லிவிடும், களை மருந்துக்கு அப்படி ஒரு காட்டமான நெடி. அன்றைக்குச் சோப்பு மணம்தான் வந்தது. கொட்டகைப் பக்கத்து வரிசையில் தொடங்கி, டேங்க் காலியாகக் காலியாக மறுபடி மறுபடி நிரப்பி, கோடி வரிசையில் போய் முடித்தாள். லாரிக்காரர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். குட்டி தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் மறுநாள் காலையில் அவர் குரல் கேட்டது.

"இங்க வா. செடியெல்லாம் என்னமோ மாதிரி இருக்கு. தண்ணி போதலையா?"

போனாள். தண்டுகள் வளைந்து தலையைத் தரைக்குத் தொங்கப்போட்டிருந்தன. இலை அகலம் குறைந்து, முறுக்கிக்கொண்டு, நரம்பெல்லாம் புடைத்து நின்றது. பூக்கள் உதிர்ந்து கிடந்தன. முன் வரிசைகள் படுத்தே விட்டன. கடைசிக்குப் போகப் போக, டேங்கில் ஊறியிருந்தது கரைந்துபோய், கொஞ்சம் பரவாயில்லை, கடைசி வரிசைகளில் நுனி மட்டும்தான் சுருண்டிருந்தது. இது நோய் இல்லை. இதை அவள் அடுத்தவர் வயலில் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு அவர்களைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறாள்.

கொட்டகைக்கு ஓடினாள். இரண்டு நீல டேங்க். இரண்டிலும் துணி இல்லை. வெளியே வந்தாள். கொடியில் அவருடைய பனியனுக்கும் குட்டியின் கவுனுக்கும் நடுவே, சுத்தமாகத் துவைத்து உதறிப் போட்ட சிவப்புத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க... இது ஏது?"

"அதுவா? அன்னைக்கு டேங்கைக் கழுவும்போது அதுல கட்டிக் கெடந்துச்சு, அழுக்குக் கந்தல். நேத்துத் துவைச்சுப் பாத்தா நல்ல சிவப்பு! வண்டியில நீட்டமா கம்பி கிம்பி ஏத்தினா பின்னாடி கட்ட ஆகும்னு எடுத்து வச்சேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "பழக்கம் போகுதா பாரு! எனக்கு எதுக்கு இனிமே அது? ஏன், உனக்கு வேணுமா?"

"வேணாம்."

"செடிக்கு என்ன ஆச்சு? சொல்லு. நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

அவர் முகத்தில் இருந்த பயத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கிய கதையைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்ன ஆள் அவர். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் கையாலேயே குடும்பத்தின் விளைச்சலைக் கொன்றேன் என்று தெரிந்தால் அந்த மனுஷன் அப்புறம் மண்ணில் கால் வைப்பாரா? நோய் என்றால் யாருக்கும் வருவது. நோய்க்காக யாரும் வீட்டைவிட்டுப் போகமாட்டார்கள். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

"சுருட்டை நோய்ங்க," என்றாள். "வெள்ளை ஈ கொண்டாந்துடுச்சு. நீங்க என்ன பண்ணீங்க, ஒண்ணும் பண்ணல."

ரேடியோ வேலியைத் தாண்டி வந்தாள். மூக்கில் வியர்த்திருக்கும். முன் வரிசையைப் பார்த்தாள், ஒரு இலையைக் கிள்ளித் திருப்பினாள், நாற்றுக்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இது நோய் மாதிரியா இருக்கு? களை மருந்து பட்ட..."

"வாயை மூடுடி."

"இல்லக்கா, போன வருசம் என் வயல்ல நீதானே..."

நாற்றுக்காரி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தாண்டை வரிசையில் லாரிக்காரர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். "அவருக்குத் தெரியவேணாம். உன் காலைப் பிடிக்கறேன். துணிய அவர்தான் அவுத்தாரு, தெரியாம. தெரிஞ்சா போயிடுவாரு."

வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ரேடியோ அன்றைக்கு மூடினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "சரிக்கா. ஆனா கடைசி வரிசைங்க தேறும் போல இருக்கே. தோட்டக்கலை ஆபீசரைப் போய்க் கேளேன். அதுவாவது நின்னா அண்ணன் இருப்பாருல்ல?"

மறுநாள் விடிந்ததும் கிளம்பினாள். விதை வாங்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னாள். ஒரு பொய்க்கு அடுத்த பொய்தான் துணை.

ஆபீசர் சின்ன வயசுக்காரர். அவள் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போன தக்காளிக் கிளையை விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஊருக்கெல்லாம் சொல்றவங்க நீங்க! நீங்களே டேங்கை மாத்தினா?" என்றார்.

"என் தப்புதான் சார். இது தேறுமா?"

"எந்த வரிசைல எடுத்தது?"

"கடைசி."

நுனியை நகத்தால் பிரித்துப் பார்த்தார். "தேறும். லேசாத்தான் பட்டிருக்கு. முறுக்கின நுனியக் கிள்ளி விடுங்க, தண்ணி காயாம பாத்துக்குங்க. புதுசா வர்ற இலை நேரா வந்துச்சுன்னா பொழைச்சுக்கிச்சுன்னு அர்த்தம். ஆனா முதல்ல வர்ற காயை யாரும் திங்கவேணாம், பறிச்சுப் புதைச்சிடுங்க. அதுக்கப்புறம் வர்றதுல பயமில்ல. முன் வரிசைங்க போனது போனதுதான், ஆசை வைக்காதீங்க. பின்னாடி இருக்கறது உங்களுக்குக் கை குடுக்கும்."

கை கொடுக்கும்! அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. 'நோய் முன் வரிசையோட நின்னுடுச்சுங்க, பின்னாடி வரலை, நம்ம நல்ல நேரம்' என்று சொல்லவேண்டும். மெதுவாக ஒரு நாள், அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, அவர் விவசாயி ஆன பிறகு, சாப்பிடும்போது, துணிக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். பஸ்ஸில் உட்கார்ந்து அவள் தனியாகச் சிரித்தாள்கூட.

இறங்கித் தெருமுனை திரும்பும்போதே புகை தெரிந்தது.

நிலத்தில் ஒரு செடி இல்லை. குச்சிகள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் அறுந்த எட்டுக் கயிறு. மூலையில் காய்ந்த விறகைப் போட்டு, அதன்மேல் பிடுங்கிய செடிகளைக் குவித்திருந்தார். பச்சைச் செடி எரியாமல் புகைந்தது. பக்கத்தில் லாரிக்காரர் கரி அப்பிய முகத்தோடு நின்றார். கை முழுக்கத் தக்காளிச் செடியின் பச்சைக் கறை.

"எல்லாத்தையும்... ஏங்க?"

"நீ பிடுங்கமாட்டே. உனக்கு மனசு வராது. காலைல நீ கடைசி வரிசையைத் தடவிக் குடுத்துட்டுப் போனதைப் பாத்தேன். பாவம் பாத்து ஒண்ணை விட்டா பக்கத்துச் செடியையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்னு நீதானே சொன்னே? வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வயல்ல வேற பூ விட்டிருக்கு. நம்மால அவங்களுக்கு எதுக்குக் கஷ்டம்? அதான் நீ வர்றதுக்குள்ள நானே முடிச்சிடலாம்னு." கறைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "சரியாத்தானே பண்ணினேன்?"

ரேடியோ வேலிக்கு அந்தப் பக்கம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளும் அப்போதுதான் சந்தையிலிருந்து திரும்பியிருந்தாள், அவரைத் தடுக்க யாரும் இல்லாமல் போயிற்று.

நாற்றுக்காரி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். இப்போது சொன்னால் என்ன ஆகும்? நேற்றுச் சொல்லியிருந்தால் ஒரு தவறு. இன்றைக்குச் சொன்னால் இரண்டு. துணியை அவிழ்த்தவரும் அவரே, பிழைக்க இருந்ததைப் பிடுங்கியவரும் அவரே என்று ஆகும். அந்தப் பாரத்தை அந்த மனுஷன் தலையில் எப்படி வைப்பது?

"சரியாத்தான் பண்ணீங்க," என்றாள்.

நிலத்தின் கோடியில் குட்டி மண்ணில் உட்கார்ந்து, தன் செடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். "இது ஒண்ணை மட்டும் தொடவிடமாட்டேங்கறா," என்றார் அவர். "அழுத அழுகையில எனக்குக் கை வரல. நீ அப்புறமா எடுத்துடு."

அன்று சாயங்காலமே முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மறுபடி நாற்று விடலாம், வெண்டை போடலாம், வெள்ளரி போடலாம்.

"போடு. நீ போட்டா வரும். நான் தொட்டேன் பாரு, அதான். உன் கை தப்பினதே இல்லைன்னு ஊரே சொல்லுது. நான் வந்த வருசம்தான் தப்பணுமா? எனக்கு ஸ்டியரிங்தான்."

"அப்படி இல்லைங்க."

"பின்ன எப்படி?"

சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது, அதைத்தான் சொல்ல முடியவில்லை.

கிளம்புகிற அன்று மூட்டை கட்டினார். கொடியில் கிடந்ததையெல்லாம் எடுத்து மடித்தார். சிவப்புத் துணி கையில் வந்தது.

"இதை எடுத்துக்கட்டுமா? பின்னாடி கட்ட ஆகும்."

"எடுத்துக்குங்க," என்றாள் அவள்.

குட்டி வாசலுக்கு வரவில்லை. உள்ளே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் குனிந்து, "குட்டி, அப்பா போயிட்டு வரேன்" என்றார். தரையில் முட்டி போட்டுக் கையை நீட்டித் தடவிப் பார்த்தார், எட்டவில்லை. எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

அந்த ஒற்றைச் செடியை அவள் பிடுங்கத்தான் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் போய் நிற்பாள். குட்டியின் கூழாங்கற்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். கொஞ்ச நாளில் நுனியில் புது இலை வந்தது. நேராக, அகலமாக, ஆரோக்கியமாக வந்தது. கடைசி வரிசை மொத்தமும் இப்படித்தான் வந்திருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் ஊற்றக் கை வராது, ஊற்றாமலும் இருக்க முடியாது. தினமும் குட்டிதான் ஊற்றினாள், மண்ணைப் பிடித்து உருட்டிப் பார்த்துவிட்டு, வேரில். பிடித்த பிஞ்சுகளை நாற்றுக்காரி குட்டிக்குத் தெரியாமல் கிள்ளி மண்ணில் புதைத்தாள். இலைக்கு அடியில் மறைந்திருந்த ஒன்று மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு முற்பகல், அவர் வண்டியை எங்கோ ஓரங்கட்டிவிட்டுப் போன் செய்தார். இவள் நாற்றுத் தட்டில் மண் நிரப்பிக்கொண்டிருந்ததால் குட்டிதான் எடுத்தாள், ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக்கொண்டு நிலத்துப் பக்கம் ஓடினாள். போனில் பேசாமல் இத்தனை நாள் வீம்பு பிடித்திருந்த பிள்ளை, பேசுகிறதே என்று நாற்றுக்காரிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"அப்பா! என் செடியில பழம் பழுத்துடுச்சு!"

"நெசமாவா? அது இன்னும் இருக்கா?"

"இலையெல்லாம் நேராயிடுச்சுப்பா. பெரிசாயிடுச்சு. நான் எட்டுப் போட்டுக் கட்டியிருக்கேன்."

"அப்படியா..." அவர் குரலில் ஒரு தயக்கம் விழுந்தது. "நேராயிடுச்சா?"

"உங்களுக்குத்தான் வச்சிருந்தேன். நீங்க வரவே மாட்டேங்கறீங்க. நான் கடிக்கப் போறேன், சத்தம் கேக்குதா பாருங்க."

நாற்றுக்காரி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். "கடிக்காதேடி! கீழ போடு! மருந்து பட்டது அது, வாயில வைக்காதே!" பாய்ந்து பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். பழம் கூழாங்கல்லில் விழுந்து உருண்டது. குட்டியின் உதட்டையும் பல்லையும் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். கடித்திருக்கவில்லை. அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் போன் பிள்ளையின் கையில் இன்னும் இருப்பது தெரிந்தது.

"என்ன மருந்து?" என்றது போன்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். சத்தமாக வைத்திருந்ததை மாற்றக்கூடத் தோன்றவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. நோய்ச் செடி பாருங்க, அதான்..."

"நோய்ச் செடிக் காயைத் திங்கலாம்னு சொன்னே. மனுசனுக்கு ஒட்டாதுன்னே. மருந்து பட்டதுதான் ஆகாதுன்னே." பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒரு சொல் மாறாமல் சொன்னார். "நோய் வந்த செடி நேராகாதுன்னும் நீதான் சொன்னே. என்ன மருந்து பட்டுச்சு?"

அந்தப் பக்கம் பெரிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற இரைச்சல். அவர் நடக்கிற சத்தம் கேட்டது. வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நின்றார்.

"இந்தச் சிவப்புத் துணிய எதுக்குக் கட்டியிருந்தே?"

அவள் கண் வெறும் துணிக்கொடியின் மேல் போயிற்று.

"நான் வண்டிக்காரன்டி. சிவப்புத் துணி எதுக்குக் கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவுக்கும்போது அழுக்குல தெரியல. சொல்லு. களை மருந்து டேங்க்தானே அது?"

"ஆமாங்க."

பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"கடைசி வரிசை பொழைச்சிருக்குமா?"

இன்னொரு பொய் அவள் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. எதிரில் அந்தச் செடி நேராக நின்றுகொண்டிருந்தது.

"பொழைச்சிருக்கும்ங்க."

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தியே..." என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. அவர் அழுவதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள், அதையும் போனில்தான் கேட்டாள்.

குட்டி அம்மாவின் மண் அப்பிய கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் கடிக்கவே இல்லம்மா. அப்பாகிட்ட சொல்லும்மா, நான் கடிக்கவே இல்லன்னு."